அடித்துக்கொள்ளாத நாட்கள்

‘பாவம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். படப்பை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிற பெண், முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று பேச்சுக் கொடுப்பாள். ஆட்டிசம் உள்ளவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் தங்கியிருக்கிற இல்லத்தில் என்பேன். உடனே உச்சுக்கொட்டி, ‘பாவம்’ என்பாள். அவர்களைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா, தெரியாது. எட்டு வருஷம் அங்கே இருந்தேன். அத்தனை சிரித்த இடம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது. அதை ஆட்டோவில், அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

நான் இந்தப் பக்கம் வந்தது ஒயர் கட்டுவதற்கு. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தேன். காருக்குள் போகிற ஒயர்க் கட்டுகளைச் செய்கிற ஒரகடம் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் நின்றுகொண்டே டேப் சுற்றினேன். காண்ட்ராக்ட் முடிந்த அன்று, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பினால் கையோடு கல்யாணத்தை முடித்துவிடுவார்கள் என்று பயம். ஹாஸ்டலில் இருந்த ஒரு அக்கா, “ஒரு இல்லத்துல ஆள் கேக்காங்க. சும்மா பாத்துக்கிட்டா போதும்” என்றாள். அந்தச் ‘சும்மா’வுக்காக முதல் மாதம் முழுக்க அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

படப்பையிலிருந்து மணிமங்கலம் போகிற வழியில், புதிதாகக் கல் நட்ட மனைகளுக்கு நடுவே இருந்தது அந்த இரண்டு மாடிக் கட்டடம். கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடக் கட்டியது. அதனால் வரிசையாக அறைகள், கோடியில் வரிசையாகக் குளியலறைகள். மேலே ஆண்கள், கீழே பெண்கள் பதினோரு பேர். கீழ்த்தளம் என் பொறுப்பு. நடத்தியவர் ஓய்வு பெற்ற டீச்சர், நாங்கள் மேடம் என்போம். அவருடைய சொந்தத் தம்பியும் மேல் மாடியில் இருந்தார். தம்பியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நல்ல இடம் கிடைக்காமல் தானே ஓர் இடத்தைத் தொடங்கியவர் அவர்.

காலை ஆறு மணிக்குக் குளியல் தொடங்கும். ஒருத்திக்கு முதல் சொம்புத் தண்ணீர் இடது தோளில்தான் விழவேண்டும், தவறி வலது தோளில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொருத்தி தினமும், “இன்னிக்கி இன்னா கெயம?” என்று கேட்பாள். சொன்னால், “அப்ப நாளிக்கி?” என்பாள். ஏழு கிழமையையும் ஒப்பித்து முடிக்கும்போது தலை துவட்டி ஜடை பின்னியிருப்பேன். பதினோரு பேருக்கும் எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, வரிசையாக வெயிலில் உட்கார வைத்துவிட்டு டீயைக் கையில் எடுக்கும்போது ஒரு திருப்தி வரும் பாருங்கள், டேப் சுற்றி முடித்த ஒயர்க்கட்டு எனக்கு ஒருநாளும் அதைத் தந்ததில்லை. ஈரத் தலைகளின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இப்போது எனக்கென்று ஒரு மகள் இருக்கிறாள், தினமும் அவளுக்குத் தலை பின்னுகிறேன். ஆனாலும் ஒரே ஒரு தலைதானே என்று இருக்கிறது.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. என்னைவிடப் பெரியவள். ஆனால் எல்லோரும் அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டார்கள், நானும்தான். அவளுக்குப் பேச்சு கிடையாது. யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்து, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மோந்து பார்ப்பாள். அதுதான் அவளுடைய வணக்கம். குக்கர் விசில் அடித்தால் சமையலறை வாசலில் போய் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். மூன்றாவது விசிலுக்கு எங்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். சமையல்கார அக்கா மணிமங்கலத்துக்காரி. “இன்னா சோக்கு சொன்னேன்னு இப்டி சிரிக்கிறே?” என்று அவளிடம் கேட்டுவிட்டு, தானும் கரண்டியோடு சிரிப்பாள்.

அதே பாப்பாதான் சுவரில் நெற்றியை மோதிக்கொள்பவளும். சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவரில் அவள் மோதுகிற உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து போயிருந்தது. அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்டவர்களுக்கு மறக்காது. நடுவில் கையை வைத்தால் கை நசுங்கும், ஆனாலும் கையைத்தான் வைப்போம்.

அவளுடைய அப்பா பக்கத்து ஊர்க்காரர். பயிர் வைத்துக்கொண்டிருந்த மனிதர். நிலம் போனபிறகு ஒரு கம்பெனியில் புல்லுக்கும் பூச்செடிக்கும் தண்ணீர் ஊற்றுகிற வேலை. மனைவி இறந்தபின், ஷிஃப்டுக்குப் போகும்போது மகளை அறையில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து திறக்கும்போது சில நாள் கதவில் ரத்தம் இருக்குமாம். அப்படி ஏழு மாதம் ஓட்டிவிட்டுத்தான் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் வருவார். வந்ததும் கையை நீட்டுவார். அவள் மற்றவர்களிடம் மோந்து பார்ப்பதைவிட அவரிடம் நெடுநேரம் மோந்து பார்ப்பாள்.

இல்லத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் யாராவது மதியச் சாப்பாடு போடுவார்கள். பிறந்த நாள், கல்யாண நாள், திதி, ஏதாவது ஒன்று வந்துவிடும். கம்பெனி ஆட்கள் ஒரே நிற டீ-ஷர்ட்டில் வருவார்கள். அப்படி ஒருநாள், ஒரு பெரிய குழு. தட்டில் பிரியாணி வைத்தாகிவிட்டது. அவர்களுடைய சார் இன்னும் வரவில்லை. அவர் வந்து, பேனர் பிடித்து, போட்டோ எடுத்து, யாருக்கோ கைதட்டிப் பாட்டுப் பாடி முடிப்பதற்குள் பாப்பா எழுந்துபோய்ச் சுவரில் மோத ஆரம்பித்துவிட்டாள். நெற்றி பிளந்து ரத்தம். வந்திருந்த ஒரு பெண் அழுதேவிட்டாள். மேலே ஆண்கள் பயந்து கத்தினார்கள்.

அந்த ஞாயிறு மேடம் அவளுடைய அப்பாவை உள்ளே கூப்பிட்டார். நானும் இருந்தேன். “இது இப்படியே போனா எங்களால முடியாதுங்க. மத்தவங்களும் பயப்படறாங்க. வர்றவங்க வரமாட்டாங்க. நீங்க வேற இடம் பார்க்கணும், இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றார். சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வூட்ல நா மட்டுந்தான் மேடம். மறுபடியும் பூட்டிகினுதான் போவணும்” என்றார் அவர்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அவளை இங்கேயே வைத்துக்கொள்ளவேண்டும். நான் படித்த படிப்பெல்லாம் கம்பெனியில்தானே? அங்கே கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பலகை இருக்கும், ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே எண் போட்டு. விபத்து நடந்தால் பூஜ்யம், இல்லாவிட்டால் தினம் ஒன்று கூடும். அந்த எண் கூடக்கூட மேலதிகாரிகளுக்கு முகம் மலரும். யாரோ கொடுத்துவிட்டுப் போன வெள்ளைப் பலகை ஒன்று ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்தது. துடைத்து, கூடத்தில் மாட்டி, மேலே ‘அடித்துக்கொள்ளாத நாட்கள்’ என்று எழுதினேன். கீழே பச்சை மையில் பெரிதாக ஒன்று. அவள் முன்னேறுகிறாள் என்று மேடத்துக்குக் கண்ணால் காட்டிவிடலாம் என்று நினைப்பு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் பத்து நாள் நான்கு, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம் என்று இழுத்தது. டாக்டர் அவளை அமைதிப்படுத்த ஒரு மாத்திரை எழுதியிருந்தார், ரொம்பத் தேவைப்பட்டால் மட்டும் பாதி. முதலில் அவள் மோதியபின் கொடுத்தோம். பிறகு மோதுவாள் போலிருந்தால் கொடுத்தோம். அப்புறம் விருந்தாளிகள் வருகிற நாளில் முன்கூட்டியே. எண் பன்னிரண்டு, பதின்மூன்று என்று போனபோது, எதற்கு வம்பு என்று தினமும் இட்லியோடு கொடுக்க ஆரம்பித்தேன். டீக்கடை வரை நடத்திக் கூட்டிப்போவதை நிறுத்தினேன், கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் அவளுக்கு ஆகாதே என்று. குக்கர் விசில் நேரத்தில் உள் அறையில் உட்கார வைத்தேன், ரொம்பச் சிரித்தால் அதுவே அழுகையில் முடிந்துவிடுமோ என்று. மேடம் சொல்லிச் செய்யவில்லை. டாக்டருக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் நான்தான், அதுவும் பாசத்தில்தான்.

ஒருநாள் சமையல்கார அக்கா, “இன்னாடி, விசில் உள்ரூம் வரிக்கும் கேக்குது, இவ தல கூட திருப்ப மாட்றா?” என்றாள்.

“அமைதியா இருக்காள்ல, நல்லதுதான அக்கா” என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எண் அப்போது இருபத்தாறு.

வந்தவர்கள் பலகையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேடம் என் தோளைத் தட்டி, “அவளை அனுப்பற பேச்சு இனிமே இல்ல” என்றார். நான் ஹாஸ்டல் தோழிகளுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

அவளுடைய அப்பா அந்த நாட்களில் வரவில்லை. ஆள் பற்றாக்குறை என்று கம்பெனியில் அவருக்கு லீவே கொடுக்கவில்லை. நாற்பத்தோராவது நாள், ஒரு ஞாயிறு, பளிச்சென்று வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் ஓடிப்போய் வரவேற்றேன். நல்ல சேதி சொல்லப்போகிற அவசரம் எனக்கு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் முன்னால் குனிந்து கையை நீட்டினார். அவள் கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கையை அவள் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். அவள் மோந்து பார்க்கவில்லை. அவர் அந்தக் கையை உடனே எடுக்கவில்லை, ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“உடம்பு கிடம்பு செரியில்லியா?”

“இல்லய்யா, நல்லா இருக்கா. இங்க வாங்க, இதப் பாருங்க” என்று அவரைப் பலகை முன்னால் கூட்டிப்போனேன். “நாப்பத்தோரு நாளா ஒருதடவகூட அடிச்சுக்கல. அனுப்ப மாட்டோம்னு மேடமே சொல்லிட்டாங்க.”

அவர் எண்ணைப் பார்த்தார். திரும்பி மகளைப் பார்த்தார். “செரி யம்மா. சிரிச்சது எத்தினி நாளு? அத்த எங்க எழுதிகீறே?”

அவர் கோபப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

“நா இட்டுகினு போயிர்றேன்மா” என்றார் பிறகு. “பூட்டி வெச்சப்ப கூட தொறந்தா ஓடியாந்து கைய மோந்து பார்ப்பா. இது எம்பொண்ணு மாரியே இல்ல.”

எனக்கு அப்போதுதான் கம்பெனியில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. லைனில் என் பக்கத்தில் நின்றவளுக்கு ஒருநாள் விரல் கிழிந்துவிட்டது. லைன் லீடர் எங்கள் டேப்பையே எடுத்து அவள் விரலில் சுற்றிவிட்டு, ஹாஸ்டலில் கிழிந்தது என்று சொல்லச் சொன்னார். கேட்டில் இருந்த பலகையில் மறுநாள் எண் ஒன்று கூடியது. அன்றைக்கு அந்த ஆளை எவ்வளவு திட்டினோம்! எல்லாம் தெரிந்திருந்தும் அதே பலகையைக் கொண்டுவந்து இவளுக்கு மாட்டியிருக்கிறேன். பாழாய்ப்போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அவரை ஒரு பத்து நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு நேராக மேடத்திடம் போனேன். மாத்திரை, உள் அறை, நிறுத்திய நடை, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையோடு ஊர்ப்பேச்சும் கலந்து வந்தது. “தப்புப் பண்ணிட்டேன் மேடம். அவள நான்தான் இப்படி ஆக்கிட்டேன். என்னைய வேணா அனுப்புங்க, அவள அனுப்பாதீங்க.”

“நானும் நம்பரைத்தானே பார்த்தேன்” என்றார் மேடம். “என் தம்பி முகத்தை நான் தினம் பார்க்கறேன். அவ முகத்தைப் பார்க்கல.” வெளியே வந்து அவளுடைய அப்பாவிடம் இரண்டு மாதம் டைம் கேட்டார். “டாக்டர்கிட்ட பேசி மாத்திரையைக் குறைக்கறோம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், பழையபடி மண்டை உடைஞ்சு ரத்தம் வந்தா, அவளைப் பாதுகாப்பா வெச்சுக்க என்னால முடியாது.” அவர் தலையாட்டினார்.

டாக்டர் மறுநாள் வந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். திடீரென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். பலகையை நான் கழற்றிவிட்டேன். ஒரு நீளநோட்டு வாங்கி, அவள் மோதினால் எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் வாரம் மோதல் திரும்ப வந்தது. கூடவே அவளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் மதியம் ஒரு மணியை ஒட்டி, சாப்பாடு போட யாராவது வந்த நாட்கள். வெளியாட்கள் என்றால் அவளுக்கு ஆகாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் அதே ஆட்கள் சாயங்காலம் வந்தால் ஆசையாகப் போய்க் கையை மோந்து பார்க்கிறாள். சமையல்கார அக்காவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தோம். அக்காதான் சொன்னாள். “தட்ட வெச்சா துன்னுடணும்னு நாமதான தெனம் சொல்றோம். சோத்த வெச்சிட்டு, துன்னாத, சாரு வர்ட்டும்னா? எனக்கே மண்டய முட்டிக்கலாம்னு வரும்.”

இவ்வளவுதான். பதினோரு பேரும் பசியோடு, முன்னால் ஆவி பறக்கிற சோற்றை வைத்துக்கொண்டு, யாரோ வருகிறவரைக்கும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தெரிந்தவர்கள்கூட வாய் திறக்கவில்லை. பேச்சே இல்லாத அவள் ஒருத்திதான் நெற்றியால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடத்துக்குப் பயம்தான், இருந்தும் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, யார் வந்தாலும் வராவிட்டாலும். முன்பே வருகிறவர்கள் பரிமாறலாம், பிந்தி வருகிறவர்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரு கம்பெனி சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர் மறுபடி வரவேயில்லை. வேறு சிலர் சீக்கிரம் வரக் கற்றுக்கொண்டார்கள். பாப்பாவின் மோதல் எல்லாம் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். சில சாயங்காலங்களில் ஏன் மோதினாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் அந்த வேலையை விடுகிறவரைக்கும் அந்த நோட்டில் காரணம் எழுதாத வரிகள் இருந்தன.

இரண்டு மாதம் முடிந்த ஞாயிறு வந்தது. நடுவில் இரண்டு ஞாயிறு அவளுடைய அப்பாவால் வர முடியவில்லை. மேடம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், முடிவு சொல்லவேண்டிய நாள் அது. கடவுளே, இன்றைக்கு ஒருநாள் இவள் சும்மா இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டதற்கு மறு நிமிஷமே வெட்கப்பட்டேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து விறுவிறுவென்று வந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் அவர் மார்பைப் பிடித்துத் தள்ளினாள். ஊரே கேட்கிறமாதிரி ஒரு கத்து கத்தினாள். போய்த் தூணில் நெற்றியை ஒருதரம் முட்டினாள். மேடம் கண் முன்னாலேயே! நான் கையை வைக்க ஓடினேன். அதற்குள் அவள் தூணோரம் தரையில் உட்கார்ந்து அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ரத்தம் இல்லை.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. “கோவம் மேடம்” என்றார். “ரெண்டு வாரம் வர்லல்ல, அதான். எம்மேல கோவமா கீறா.”

மேடம் அவளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். “கோவம் வராம என்ன பண்ணும்?” என்று அவரிடம் சீறினார். “பொண்ணை இங்க விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வராம இருந்தா? இனிமே ஒழுங்கா வாரா வாரம் வந்து சேருங்க. லீவு குடுக்கலன்னா உங்க கம்பெனிக்கு நானே பேசறேன்.”

“வரேன் மேடம். வந்துர்றேன்” என்றார் அவர்.

பிறகு போய் அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரம் விட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் கடைசிவரை திரும்பவே இல்லை. அவர் மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளிடம் அடி வாங்கி, மேடத்திடம் திட்டும் வாங்கிய ஒரு மனிதரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.